முக்கால் டேங்கோட பத்துமலைக்கு

சிங்கப்பூர்ல ஏழு வருஷமா கார் ஓட்டுறேன், எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவுல இருக்கிற ஜோகூர் பாருவுக்கு (ஜேபி) பஸ்ல எத்தனையோ தடவ போயிருக்கேன், ஆனா சொந்த காரை எடுத்துக்கிட்டு ரெண்டு நாட்டையும் இணைக்கிற காஸ்வேய தாண்டினது போன டிசம்பர் ஸ்கூல் லீவுலதான் முதல் தடவ, கோலாலம்பூர் (கேஎல்) பக்கம் இருக்கிற பத்துமலை முருகன் கோயிலுக்கு. ரெண்டு நாட்டுலயும் இடது பக்கம்தான் ஓட்டணும், ஸ்டியரிங் வலது பக்கம்தான், ஆசியான் நாடுங்க 1985லயே ஒப்பந்தம் போட்டதால சிங்கப்பூர் லைசன்ஸே அங்கயும் செல்லும், அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்னு ரொம்ப தெனாவட்டா இருந்தேன். நம்மள ஏமாத்துறதே இந்த ஒரே மாதிரி இருக்கிறதுதாங்க. அமெரிக்கா போய் வலது பக்கம் ஓட்டுறவன் பயந்து பயந்து ஓட்டுவான், நம்ம பயப்படவே மாட்டோம், அதனால மாட்டுவோம்.

முதல் வேலை விஇபி, அதாவது வெளிநாட்டு வண்டி உள்ள வர்றதுக்கான பெர்மிட். சிங்கப்பூர் வண்டி மலேசியாவுக்குள்ள நுழையணும்னா அந்த டேக் ஒட்டியிருக்கணும். ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, யாரும் கண்டுக்கல, 2024 அக்டோபர்லேர்ந்து எச்சரிக்கை சீட்டு குடுத்தாங்க, 2025 ஜூலை 1லேர்ந்து டேக் இல்லன்னா 300 ரிங்கிட் ஃபைன்னு ஆயிடுச்சு. ஆன்லைன்ல அக்கவுன்ட் தொறந்து லாக் கார்டு (வண்டியோட பதிவு விவரம்), பாஸ்போர்ட்டு எல்லாம் ஏத்தணும். நான் பாஸ்போர்ட் புதுப்பிச்சதை மறந்துட்டு பழைய நம்பரையே அடிச்சிட்டேன், ஒரு வாரம் காத்திருந்து பார்த்தா ரிஜெக்ட். மறுபடி முதல்லேர்ந்து. டேக் விலை என்னவோ 10 ரிங்கிட்தான், அஞ்சு வருஷம் செல்லும், ஒட்டினத பிச்சு எடுத்தா வீணா போயிடும். அதனால டிரிப் பிளான் போட்டாச்சு, ஹோட்டல் போட்டாச்சு, இனிமே விஇபி பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. அப்படியே இன்சூரன்ஸ் பேப்பரையும் எடுத்து மேற்கு மலேசியா கவர் ஆகுதான்னு ஒரு தடவ படிச்சிடுங்க.

இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு இப்ப மலேசியா விசா வேணாம், 30 நாள் வரைக்கும் ஃப்ரீ, ஆனா போறதுக்கு மூணு நாளைக்குள்ள அந்த டிஜிட்டல் அரைவல் கார்டை ஆளாளுக்கு நிரப்பணும். திருச்சிலேர்ந்து வந்திருந்த மச்சானுக்கும் நானே நிரப்பினேன்.

அவரு வேற, "மாமா, ஹைவேல கொஞ்ச தூரம் நான் ஓட்டவா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. ஊர்ல ஆர்டிஓ மூலமா 1000 ரூபா கட்டினா இன்டர்நேஷனல் பெர்மிட் குடுப்பாங்க, ஒரு வருஷம் செல்லும். அது எடுத்துட்டு வரல. "அதெல்லாம் யாரு கேக்கப் போறா"ன்னாரு. யாரும் கேக்காம கூட போகலாம், ஆனா எங்கயாவது இடிச்சிட்டா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறது அதத்தான். சாவிய குடுக்கல.

விடிகாலை நாலு மணிக்கு கிளம்பினோம். முந்தின நாளே ஃபுல் டேங்க் அடிச்சாச்சு, ஏன்னா சிங்கப்பூர் வண்டி நாட்ட விட்டு வெளிய போகும்போது டேங்க்ல முக்கால்வாசியாவது இருக்கணும், இல்லன்னா 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஃபைன். அந்தப் பக்கம் போய் மலிவா அடிச்சிட்டு வந்துடக்கூடாதுன்னு 1989ல அரை டேங்க்னு ஆரம்பிச்சு 1991ல முக்கால் ஆக்கினாங்க. சிங்கப்பூர் எல்லைச் சாவடி உட்லண்ட்ஸ்ல நிஜமாவே ஒரு ஆபீசர் வந்து குனிஞ்சு டார்ச் அடிச்சு முள்ள பார்த்தாரு. எனக்கு முன்னாடி நின்ன வெள்ளைக் காரை ஓரமா நிறுத்தச் சொல்லிட்டாங்க, பாவம், உள்ள பின்சீட்ல ரெண்டு குழந்தைங்க தூங்கிக்கிட்டிருந்துச்சு.

ஜேபி பக்கம் நுழையும்போது டச் என் கோ கார்டுல (முன்னாடியே காசு ஏத்தி வச்சுக்கிற கார்டு) ரோடு சார்ஜ் 20 ரிங்கிட் போயிடும், டோல் தனி. அங்க சிங்கப்பூர் ரோட்டுக் கட்டணம் இஆர்பி மாதிரி தானா கழியாது. கார்டு இருக்கணும், அதுல காசும் இருக்கணும். நான் சொதப்பினது இதுலதான். ஸ்கூடாய் டோல்ல ஒரு கார்டைத் தட்டிட்டு உள்ள போறோம்ல, கேஎல் முனையில சுங்கை பெசில வெளிய வரும்போது அதே கார்டைத்தான் தட்டணும், எங்க ஏறினோம்ங்கிறது அந்த கார்டுக்குள்ள பதிஞ்சிருக்கும். எனக்கு இது உறைக்கவே இல்ல. சுங்கை பெசில என் கார்டைத் தட்டினா சிவப்பு லைட்டு, பேலன்ஸ் பத்தல. உடனே புத்திசாலியாட்டம் மனைவி கார்டை வாங்கித் தட்டினேன், அதுவும் சிவப்பு. பின்னாடி ஹார்ன் மேல ஹார்ன். கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு ஒரு கார்டு, மடில ஒரு கார்டு, மச்சான் பின்னாடிலேர்ந்து "காசு குடுத்துப் பாருங்க மாமா"ங்கிறாரு, அங்க காசு வாங்க ஆளே இல்ல. கடைசில ஹெல்ப் பட்டன அழுத்தி ஒரு அம்மா நடந்து வந்து என்னத்தையோ செஞ்சு கேட்டைத் தொறந்து விட்டாங்க, திட்டவும் இல்ல, சிரிச்சாங்க. அது இன்னும் அவமானமா இருந்துச்சு. போன்லயே காசு ஏத்துற புது மாடல் கார்டா வாங்கிக்கோங்க, பழசுக்கு கடை தேடி அலையணும்.

ரோடு சூப்பரு. நம்ம எக்ஸ்பிரஸ்வேல அதிகபட்சமே 90, அங்க கேஎல் போற பிளஸ் ஹைவேல 110. கால் தானா அழுத்தும், கேமரா இருக்கு, பார்த்துக்கோங்க. வலது லேன் முந்துறதுக்கு மட்டும்தான், முந்திட்டு உடனே இடது வந்துடணும். நான் 110லயே வலதுல சுகமா போய்க்கிட்டிருக்கேன், கண்ணாடில பார்த்தா ரொம்ப தூரத்துலேர்ந்தே ஒருத்தன் லைட்டு வெட்டி வெட்டி வர்றான். நீ போன்னு வழி விடுறதா நினைச்சிடாதீங்க, நகருன்னு அர்த்தம். யோங் பெங் தாண்டி மழை பிடிச்சுக்கிச்சு, முன்னாடி போற பாதி வண்டி ஹசார்ட் லைட்டு போட்டுக்கிட்டே ஓடுது. அதைப் பார்த்து நீங்களும் போடாதீங்க, எவன் லேன் மாறப் போறான்னே தெரியாது. பைக்குங்களுக்கு பிளஸ்ல டோல் கிடையாது, ஓரத்துல சர்ருனு வருவாங்க, இடது லேனுக்குத் திரும்புறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கண்ணாடி பாருங்க.

போர்டெல்லாம் மலாய். நான் மனப்பாடம் பண்ணினது ஒண்ணே ஒண்ணு, உதாரான்னா வடக்கு. உத்தராயணம்னு ஞாபகம் வச்சுக்கிட்டேன், அதே உத்தரம்தான். செலாதான்னா தெற்கு, அதாவது வீட்டுக்குப் போற பக்கம்.

கேஎல் உள்ள சிக்னல்ல இன்னொரு தமாஷு. சிங்கப்பூர்ல பச்சை விழுந்தா வலது திரும்புறவங்க நடுவுல வந்து எதிர்ல வர்ற வண்டிக்கு வழி விட்டு நிப்போம்ல, அங்க நான் போன சிக்னல் எல்லாத்துலயும் ஒரு பக்கம் முடிஞ்சாத்தான் அடுத்த பக்கம் திறக்குது. நான் பழக்க தோஷத்துல நடுவுல போய் எதிர் வண்டிக்காக நிக்கிறேன், எதிர்ல ஒருத்தனும் வரல, பின்னாடி இருக்குறவன் தலையில அடிச்சுக்கிறான்.

பத்துமலை பத்தி தனியா எழுதணும், 272 படி ஏறினதுல மச்சானுக்கு கார் ஓட்டுற ஆசையே போயிடுச்சு. ராத்திரி ஹோட்டல்ல பீர் சாப்பிடலாம்னவருகிட்ட, வண்டி எடுக்கிறதா இருந்தா வேணாம்னுட்டேன், அங்க 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் லிமிட், சிங்கப்பூர்ல 80, இங்க ஓகேன்னு விடுற அளவு அங்க கேஸ் ஆயிடும்.

திரும்பி வரும்போது சிரம்பான் பக்கம் எண்ணெய் ஊத்த நிறுத்தினோம். அங்க பெட்ரோல்னு சொல்றதில்ல, நம்ம தமிழாளுங்க எண்ணெய்ங்கிறாங்க, ரிங்கிட்டையும் வெள்ளிங்கிறாங்க, முதல்ல கொஞ்சம் குழம்பும். பம்ப்ல ரெண்டு நாசில், மஞ்சள் ரான் 95, பச்சை ரான் 97, ரெண்டும் பெட்ரோல் ரகம்தான். மஞ்சள் மலிவு, கை அதுக்குத்தான் போச்சு. பக்கத்துல கண்ணாடி துடைச்சிக்கிட்டிருந்த தம்பி ஓடி வந்து, "அண்ணே அண்ணே, மஞ்சளைத் தொடாதீங்க, சிங்கப்பூர் நம்பருக்கு பச்சைதான்!"னாரு. மானியத்துல குடுக்குற எண்ணெய், வெளிநாட்டு நம்பர் பிளேட்டுக்கு 2010லேர்ந்தே கிடையாது. அவங்க வரிப்பணம், நியாயம்தான். 97ஏ அப்ப சிங்கப்பூர் விலைக்குப் பாதிகூட வரல, அதுக்கு மேல பேராசை எதுக்கு.

காஸ்வேல மூணு மணி நேரம் நின்னு உட்லண்ட்ஸ் வந்தோம். பிகேஇ எக்ஸ்பிரஸ்வே ஏறி அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, மனைவி மீட்டரையே பார்த்துக்கிட்டிருந்தா. "என்னங்க, 108ல போறீங்க."