உதகைக் குளிரும் 12 வோல்ட் சீட்டும்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகைக்கு அருகே தலைகுந்தாவின் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் படமெடுக்க விடியும் முன்பே கூட்டம் வந்துவிடுகிறது. அதே நேரத்தில், இரவெல்லாம் வாசலில் நின்ற காரின் கண்ணாடியில் படிந்த பனியைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டிவிட்டுச் சில்லிட்ட ரெக்சின் சீட்டில் உட்காருவது என் அப்பாவுக்கு மாதம் இருமுறை வாய்க்கும் தண்டனை. இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்காக அவரைக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதால், நாங்கள் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவோம்.

காரில்தான் ஹீட்டர் இருக்கிறதே என்று கீழே இருக்கும் உறவினர்கள் கேட்பார்கள். அந்த ஹீட்டருக்குத் தனியாக நெருப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றிவந்து அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடானால்தான் உள்ளே வெப்பக்காற்று வரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் உதகையிலிருந்து 1,850 மீட்டரிலிருக்கும் குன்னூருக்கும், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் நாங்கள் போவதோ பெரும்பாலும் இறக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இரண்டாம் மூன்றாம் கியரில் வண்டியை அடக்கி இறக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறக்குறைய நின்றுவிடுவதால், கூலன்ட் சூடாகவே நெடுநேரம் பிடிக்கிறது. வெலிங்டனைக் கடந்த பிறகும் ஹீட்டரில் வந்தது குளிர்ந்த காற்றுதான். சூடேறும் சீட்டைப் பற்றி யோசித்தது அப்போதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டிலேயே கேடிலாக் கார்களில் விருப்ப வசதியாக வந்துவிட்டது. நம் நாட்டில் விற்கும் நடுத்தர விலைக் கார்களில் முதுகுக்குக் காற்று வீசும் சீட்டுகள் உண்டு, சூடேற்றுபவை அபூர்வம். தமிழ்நாட்டில் குளிரும் ஊர்கள் உண்டென்பது தயாரிப்பாளர்களின் கணக்கில் இல்லை போலும். ஆகவே இணையத்தில் நான்கு பேட் கொண்ட ஒரு தொகுப்பை வாங்கினேன். ஒரு சீட்டுக்கு அடியில் ஒன்று, முதுகில் ஒன்று. கார்பன் இழைகள் பதித்த மெல்லிய விரிப்பு, அதில் வெப்பம் கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு தெர்மோஸ்டாட், ஹை, லோ என்று இரு நிலைகள் உள்ள சுவிட்ச்.

சமவெளியில் ஒரு சீட் கவர் கடையில் இரண்டே மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுத்த பயணத்தில் இரண்டு சீட்டையும் ஹையில் வைத்துக் கேத்தி பிரிவை நெருங்கும்போது பாட்டு நின்றது, சீட்டும் குளிர்ந்தது. ஸ்டீரியோவுக்குப் போகும் வயரைச் சுரண்டி அதிலேயே இணைப்பு கொடுத்திருந்தார்கள். மல்டிமீட்டரில் அளந்தபோது ஒரு சீட்டின் மின்தடை சுமார் 3 ஓம் இருந்தது. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டில் ஒரு சீட்டுக்கு நாலரை ஆம்பியருக்கு மேல், இரண்டுக்கும் சேர்த்து ஒன்பதைத் தாண்டும். ஸ்டீரியோவும் சேர்ந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் எப்படித் தாங்கும்? கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “இருபது ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்குங்க சார், போகாது” என்றார்கள். ஃபியூஸ் போகாது, உண்மைதான். அதற்குப் பதிலாக டேஷ்போர்டுக்குப் பின்னால் மெல்லிய வயர் உருகும். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்கு என்பதைத் தொழில் செய்பவரே மறந்தால் என்ன சொல்வது!

உதகையில் காரட் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். சீட்டுக்கடியில் தெரியும் மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கோ, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவிக்கோ உரியவை. மிச்சமிருக்கும் மின்னேற்றம் வடியும் வரை அவற்றில் கைவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் வேலையையே எடுக்கமாட்டேன் என்றும் சொன்னார். எங்கள் வண்டியில் அது இல்லை.

நான்கு போல்ட்டுகளைக் கழற்றிச் சீட்டை வெளியே எடுத்து, உறையை நுரையோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டினார். உறையைப் புரட்டியபோதுதான், “ஒரு இடம் மட்டும் தோசைக்கல் மாதிரி சுடுகிறது” என்று அப்பா முனகியதன் காரணம் தெரிந்தது. நுரையின் நடுவிலுள்ள பள்ளத்தில் பேட் இரண்டாக மடிந்து கிடந்தது. மடிப்பில் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, நுரை அங்கே லேசாகப் பழுத்திருந்தது. சுருக்கமில்லாமல் நீவி, பள்ளத்தின் அடி வழியாகப் பேட்டைச் செலுத்தி, பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதை உணர்ந்து பெல்ட் எச்சரிக்கை எழுப்பும் சென்சாரை அசைக்காமல் ஒட்டினார். இதற்கு மட்டுமே அரை நாள் ஆனது.

வயரிங்கை அடியோடு மாற்றினார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து கனமான வயர் ரிலேயின் (சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) 30ஆம் முனைக்கு, 87இலிருந்து சீட்டுகளுக்கு. ரிலேயை இயக்கும் 86ஆம் முனைக்குச் சாவி போட்டால் மட்டுமே உயிர் வரும் வயர், 85 பாடிக்கு எர்த். சாவியை எடுத்தால் சீட் தானாக அணைந்துவிடும் என்பதால், மறந்து இறங்கினாலும் பேட்டரி காலியாகாது. சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்திப் பார்த்து, வயர் எங்கும் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டுக் கட்டினார்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. 44 டிகிரிச் சூடு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டாலே தோல் புண்ணாகலாம். சுடுவது தெரியாதவருக்கு அந்த ஆபத்து அதிகம். எனவே அவருடைய சீட்டில் ஹை நிலைக்குப் போகும் வயரையே கழற்றிவிடச் சொன்னேன். லோவில் இரண்டு மூன்று நிமிடங்களில் இதமாகிவிடுகிறது. குன்னூர் வந்ததும் அவரே அணைத்துவிடுகிறார். பர்லியாறு தாண்டினால் ஸ்வெட்டர் பின்சீட்டுக்குப் போகிறது, மேட்டுப்பாளையத்தில் ஏசி போட வேண்டியிருக்கிறது.

ஒரே குறை, சுவிட்சின் சிவப்பு விளக்கு இருட்டில் கண்ணைக் குத்துகிறது. இப்போதைக்கு அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.