அந்த நான்கு வரி அறிக்கை

வீடியோ 40 விநாடிதான். ஒரு குழந்தையின் முழங்கை மடிப்பு, அங்கே சிவந்து தடித்துப்போன தோல், பக்கத்தில் எங்கள் லோஷன் பாட்டில். அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. பாட்டிலைத் திருப்பி, ‘வாசனை சேர்க்காதது’ என்று நாங்கள் அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். "வாசனை வருதே" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு நான் பார்த்தபோது அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. கை நடுங்கியது. ஆறு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய பிராண்ட். யாரையும் கேட்காமல் நானே உட்கார்ந்து நான்கு வரி எழுதினேன். எங்கள் தயாரிப்புகள் அனைத்தும் உரிய சோதனைக்குப் பிறகே வெளியாகின்றன, சிலர் தவறான தகவல் பரப்புகிறார்கள், தேவைப்பட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம். பதிவிட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் பார்த்தால், வீடியோவைவிட என் அறிக்கைதான் அதிகம் பகிரப்பட்டிருந்தது. முந்தின நாள் வரை எங்களுக்கு ஒரு புகார்தான் இருந்தது. இப்போது ஒரு தாயைப் பொய்க்காரி என்று சொன்ன நிறுவனமாகவும் ஆகியிருந்தோம். 2017-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியைத் தரதரவென்று இழுத்து இறக்கினார்கள். அதன் தலைவர் முதலில் வெளியிட்ட அறிக்கையில், பயணிகளை ‘மறு ஏற்பாடு’ செய்ய நேர்ந்ததற்கு வருந்துவதாக இருந்தது. ஓரிரு நாளிலேயே அவர் முழுதாக மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அந்தக் கதை எனக்குத் தெரியும், கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன். பயம் வந்தபோது அது நினைவுக்கே வரவில்லை.

அந்த அம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பு என்று நண்பர்கள் இருவர் சொன்னார்கள். நல்லவேளை, அதைச் செய்யவில்லை. 2003-இல் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் தன் வீடு தெரியும் ஒரு வான்வழிப் படத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அதற்கு முன்பு அந்தப் படம் பதிவிறக்கப்பட்டது ஆறே ஆறு முறை. வழக்குச் செய்தி வந்த மாதத்தில் பார்க்க வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

திருப்பம் வந்தது கஸ்டமர் கேரில் இருக்கும் எங்கள் ஊழியர்களில் இளையவளால். இரவெல்லாம் வந்த செய்திகளை ஒன்று விடாமல் படித்து ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தாள். "அக்கா, 31 பேர் எழுதியிருக்காங்க. அதுல 27 பேர் ஒரே பேட்ச் நம்பர்தான் சொல்றாங்க" என்றாள்.

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில பாட்டில்களை எடுத்து அலமாரியில் பூட்டி வைப்போம். பின்னால் பிரச்சினை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க. அந்த பேட்சின் பாட்டிலை எடுத்து முத்திரையை உடைத்தேன். ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்தேன். லேசாக, மிக லேசாக, ஏதோ ஒரு பூவின் வாசனை.

தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலையில் முதலில் "வாய்ப்பே இல்லை" என்றார்கள். நேரில் போய்ப் பதிவேட்டைக் கேட்டேன். எங்களுடையதற்கு முன் அதே லைனில் வேறொருவரின் வாசனை க்ரீம் நிரப்பியிருக்கிறார்கள். இடையில் குழாய்களைக் கழுவியதற்கான பக்கம் காலியாக இருந்தது. அவர்கள் மேல் பழியைப் போட ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் பாட்டிலில் இருப்பது என் பிராண்ட் பெயர். சரி என்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

பேச வேண்டியதையெல்லாம் தாளில் குறித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் படிக்க விடவில்லை. "பொண்ணுக்கு ஏற்கெனவே எக்ஸிமா. அதனாலதான் வாசனை இல்லாததைத் தேடி உங்களோடதை வாங்கினேன். நேத்து ராத்திரி நான் பொய் சொல்றேன்னு எழுதினீங்களே, எழுதறதுக்கு முன்னாடி ஒரு பாட்டிலையாவது திறந்து பார்த்தீங்களா?"

"இல்லைங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே, டாக்டர் என்ன மருந்து கொடுத்தார், குழந்தை ராத்திரி எத்தனை முறை எழுந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தார். தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது அறிக்கையை அன்று மாலையே வெளியிட்டோம். பேட்ச் எண், அது பாட்டிலில் எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு படம், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், ரசீது இல்லாமலே பணம் திரும்பத் தருகிறோம், ஆய்வக முடிவு வந்ததும் அப்படியே போடுகிறோம். ‘தவறு’ என்ற சொல் வேண்டாம் என்றார் வக்கீல். நான் பிடிவாதமாக வைத்தேன். பழைய அறிக்கையை நீக்கவில்லை, எப்படியும் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். அதன் மேலேயே ‘இது தவறு, அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம்’ என்று எழுதினோம். இதெல்லாம் வெளியாகும் முன்பே, விற்கும் கடைகளுக்கும் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் தகவல் போய்விட்டது.

அந்த பேட்சின் 4,000 பாட்டிலையும் திரும்பப் பெறுவதா என்று ஒரு மணி நேரம் கணக்குப் போட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. 1982-இல் டைலனால் என்ற வலி நிவாரணி கேப்சூல்களில் யாரோ சயனைடு கலந்து சிகாகோ பகுதியில் ஏழு பேர் இறந்தபோது, அது நிறுவனத்தின் குற்றமே இல்லை. இருந்தும் ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. இங்கே குற்றம் எங்களுடையது.

ஒன்பதாம் நாள் ஆய்வக முடிவு வந்தது: லினலூல், லிமோனீன். வாசனைத் திரவியங்களில் சாதாரணமாக இருப்பவைதான், ஆனால் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். தோலில் தங்கும் பொருளில் இவை 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் லேபிளில் பெயர் போட வேண்டும். எங்களுடையதில் அதைத் தாண்டியிருந்தது. முடிவுத் தாளை முழுதாகப் பதிவிட்டோம்.

அதன்பின் வசவு குறைந்தது. விற்பனை திரும்ப மாதங்கள் ஆயின. இன்னொன்று, வசவுகளுக்குப் பதில் சொல்லும் பிள்ளைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்று எனக்கு மூன்றாம் நாள்தான் தோன்றியது. அதற்குள் அந்த இளையவள் கழிவறையில் போய் அழுதிருக்கிறாள்.

இப்போது எந்த பேட்சும் மூன்று பேர் திறந்து, முகர்ந்து, கையெழுத்துப் போடாமல் வெளியே போவதில்லை. முதல் கையெழுத்து என்னுடையது.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். முழங்கை சுத்தமாக ஆறியிருந்தது. ‘இப்போ வேற லோஷன் போடறோம்’ என்று கீழே எழுதியிருந்தார். எது என்று கேட்டேன், சொன்னார். எனக்குத் தெரிந்த பிராண்ட்தான். நல்ல லோஷன், அதையே போடுங்கள் என்று பதில் எழுதினேன்.