எந்தப் பாலத்துத் தோட்டம்?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களின் பழைய நிழற்படங்களைச் சேர்த்து ஓர் இணையத்தளம் தொடங்கி ஐந்து மாதமாகிறது. எனக்கு வேலை செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில், லோரிகளுக்கு எடை பார்ப்பது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குகிறேன். படம் கிடைப்பதில் சிரமமில்லை. வீட்டுக்கு வீடு பிஸ்கட் டின்களில் கிடக்கின்றன. அதைப் பார்க்க ஆள் சேர்ப்பதுதான் பாடாய்ப் படுத்தியது.

முதல் மாதம் 61 வருகை. பெருமையோடு மனைவியிடம் காட்டினேன். "இதில் நீங்கள் எத்தனை முறை?" என்றார். எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்குக் குறையாது. மிச்சத்தில் பெரும்பாதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து. அங்கே குடியேறிய நம் தோட்டத்துப் பிள்ளை யாரோ ஊர் நினைப்பில் வந்து போகிறான் என்று இரண்டு நாள் உருகினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர் தரவு மையங்களுக்குப் பேர்போனது. வந்தது ஆள் அல்ல. தளம் தளமாக மேய்ந்து திரியும் நிரல்.

அடுத்த மூன்று வாரமும் என் முட்டாள்தனத்துக்குப் போயின. தளத்தை வேர்ட்பிரஸில் கட்டிக்கொண்டிருந்தபோது, அரைகுறையாக யாரும் பார்க்க வேண்டாமென்று, தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம் என்ற கட்டத்தில் நானே குறியிட்டிருந்தேன். திறப்பு விழா முடிந்தும் அதை எடுக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு விருந்துக்குக் காத்திருந்த கதை. புதிதாகத் தளம் தொடங்குபவர்கள் முதலில் கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தங்கள் முகவரியைத் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கமும் வரவில்லை என்றால் இப்படி ஏதோ ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருக்கலாம்.

பூட்டைத் திறந்த கையோடு, ஊர்ப் பெருமை விடக்கூடாது என்று துன் சம்பந்தனைப் பற்றி நீளமாக எழுதினேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களின் காசைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர், எங்கள் ஊர்க்காரர். எழுதியதில் குறையில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பெரிய தளங்கள் எல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டன. நேற்று முளைத்த என் பக்கத்தைக் கூகுள் அறுபதாவது இடத்துக்கும் பின்னால் நிறுத்தியது. எல்லாரும் கத்தரிக்காய் விற்கும் சந்தையில் கடைசிக் கடை போட்டேன், அவ்வளவுதான்.

முகநூலில் போட்டால் ஒரு நாள் கூட்டம் வரும், மறுநாள் வெறிச்சோடும். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் பத்தாயிரம் பேரை அனுப்புவதாக ஒருவர் எழுதினார். அவர் அனுப்பக்கூடியதும் ஆஷ்பர்ன் ஆட்களாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திருப்பம் ஆடி மாதத்தில் வந்தது. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் பந்தலில், தளத்தின் கியூஆர் குறியீட்டை அச்சடித்துத் தூணில் ஒட்டினேன். ஒரு மணி நேரம் ஆகியும் வருகை பூஜ்யம். போய்ப் பார்த்தால் அகப்பையிலிருந்து சிந்திய கூழ் ஒரு மூலையில் காய்ந்து அப்பிக்கிடந்தது. குறியீட்டின் நடுவில் சிறு கறை பட்டால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மூலைகளிலுள்ள மூன்று பெரிய சதுரங்களில் ஒன்று மறைந்தால் தொலைபேசி திணறிவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி அருகில் வந்து என்ன ஏது என்று விசாரித்தார். என் தொலைபேசியிலேயே ஒரு படத்தைக் காட்டினேன். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை, வாளிகளோடு வரிசையில் பெண்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது எந்தத் தோட்டம் தம்பி?"

பதிவேட்டில் உள்ள ஆங்கிலப் பெயரைச் சொன்னேன்.

"அது துரைக்குத் தெரிந்த பெயர். இது பாலத்துத் தோட்டம். இரண்டாவதாக நிற்பது என் நாத்தனார்."

ஐந்து மாதத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் இது. என் பக்கங்களின் தலைப்புகள் எல்லாம் கம்பெனிப் பெயர்கள். தேடுகிற பேரப்பிள்ளை, தாத்தா வாயில் கேட்ட பெயரையல்லவா தட்டுவான்! அந்தப் பெயர் இணையத்தில் வேறெங்கும் இல்லை. ஆகவே போட்டியும் இல்லை. அன்றிரவே அந்தப் பக்கத்தின் தலைப்பையும் முதல் வரியையும் மாற்றினேன். கம்பெனிப் பெயர் இரண்டாம் வரிக்குப் போனது. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பெரட்டு (காலைப் பெயர்ப்பதிவு), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர்ப் பால்) என்று மக்கள் சொல்லும் சொற்களைப் படக்குறிப்புகளில் அப்படியே வைத்தேன்.

ஆறு வாரம் கழித்து, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் தேடல் கணக்கான சர்ச் கன்சோலைத் திறந்தேன். அந்தப் பக்கம் தேடலில் 130 முறை காட்டப்பட்டு, 14 பேர் சொடுக்கியிருந்தார்கள். என்ன சொல்லைத் தட்டினார்கள் என்ற பட்டியலில் பாலத்துத் தோட்டம் இல்லை. மிகச் சிலரே தேடும் சொற்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதிக் கூகுள் மறைத்துவிடுகிறது. ஆனால் பக்கவாரியான கணக்கில் வருகை பதிவாகும். அந்தப் பக்கத்தில் நான் வேறெதையும் தொடவில்லை, ஆகவே காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பதினான்கு பேர் அற்பமாகத் தெரியலாம். எனக்கு அது ஒரு லயத்துக் குடும்பங்கள் அத்தனையும் வந்து போனதற்குச் சமம்.

அதன் பிறகு செய்த இன்னொன்று: படங்களை நான்கு ஐந்து மெகாபைட்டாகவே ஏற்றியிருந்தேன். உள்தோட்டங்களில் அலைவரிசை மெலிந்த இடத்தில் அவை திறப்பதற்குள் பொறுமை போய்விடும். ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டுக்குள் சுருக்கினேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) இணைப்பை அனுப்பினால் கூடவே முன்னோட்டப் படம் தெரியும்படியும் சரிசெய்தேன். வெறும் முகவரியை யாரும் தொடுவதில்லை. கொட்டகைப் படத்தோடு போனால் அண்ணன் தம்பி, அக்கா மச்சான் என்று குழுக்களில் அது தானாகவே பரவுகிறது.

நேற்று கெடாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். "ஐயா, இது எங்கள் பாலத்துத் தோட்டம் இல்லையே, எங்கள் பாலம் இரும்புப் பாலம்." அங்கும் ஒன்று இருக்கிறதாம். தலைப்பில் ஊர்ப் பெயரையும் சேர்த்தாக வேண்டும். அவரிடம் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.