பள்ளிக்கூடத்துத் தச்சு மேஜை: திருச்சி நாட்குறிப்பு

ஜூன் 2, 2024, ஞாயிறு

மேஜை வந்து இறங்கிவிட்டது. ஏதோ ஒரு பள்ளியின் தச்சு வகுப்பில் இருந்ததாம். வகுப்பு எப்போதோ நின்றுபோய், மேஜை கொட்டகைக்குப் பின்னால் மழையில் கிடந்திருக்கிறது. பழைய இரும்புக்கடைக்காரர் அதில் மாட்டியிருந்த வைஸுக்காகத்தான் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்வி) வாங்கினார். "இரும்புக்குக் காசு குடுங்க, மரத்தைச் சும்மா எடுத்துக்கங்க" என்றார்.

நீளம் ஆறடி, அகலம் இரண்டடி. மேலே இரண்டு பலகைகள். ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்றைச் செல் தின்றுவிட்டது. நான்கு கால்களும் அடியில் உளுத்திருக்கின்றன. தரையைக் கழுவும்போதெல்லாம் மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சியிருக்கும், அந்த ஈரத்தைத் தேடிக் கரையான் வந்திருக்கும். உயரம் 28 அங்குலம்தான், பிள்ளைகளுக்கான அளவு. நான் இதில் இழைத்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு போய்விடும்.

பார்க்க வந்த நண்பர் பாலீஷ் போட்டு ஹாலில் வைக்கச் சொன்னார். டிவி வைக்கலாமாம். தச்சு மேஜையில் டிவி வைப்பதற்கு நான் எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும்?

ஜூன் 5, புதன்

சாயங்காலம் கால் ஒன்றில் கொஞ்சம் சீவி, சீவலைக் கண்ணாடி டம்ளரில் ஊறப் போட்டேன். சற்று நேரத்தில் தண்ணீர் பொன்னிறமானது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் நீலம் ஓடுகிறது. வேங்கை, சந்தேகமே இல்லை. சர்க்கரைக்கு நல்லது என்று டம்ளர் கடைந்து விற்கிறார்களே, அதே மரம். நல்ல பலகை தேக்கு.

சட்டங்களில் பச்சை எனாமல் பெயின்ட் தடிமனாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போவதில்லை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இது அதற்கு எவ்வளவோ முந்திய பெயின்ட். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, பட்டைக் கத்தியால் சுரண்டினேன். சுரண்டியதையெல்லாம் பையில் கட்டி வைத்தாயிற்று. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு.

ஜூன் 9, ஞாயிறு

வைஸை டீசலில் ஊற வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, சனி

காரைக்குடிக்குப் போய் வந்தேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே வந்து சேரும். என் காரியத்துக்கு அவை ஆகாது. செதுக்கிய மரத்துக்கு வெளியூர்க்காரர்கள் கொடுக்கிற விலையே வேறு. எனக்கு வேண்டியது பூவேலை இல்லாத மொட்டை மரம். ஊருக்கு வெளியே ஒரு பழைய மரக்கடையில் கிடைத்தது: ஏழடி நீளம், ஆறங்குலம் அகலம், மூன்றங்குலக் கனத்தில் இரண்டு சட்டங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றே முக்கால் கன அடி.

"பர்மா தேக்கு சார்" என்றார் கடைக்காரர். பழைய மரக்கடையில் பர்மா அல்லாத தேக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. கேரளத்து நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கனோலி காலத்தில் நட ஆரம்பித்த தோட்டத் தேக்கெல்லாம் எங்கே போயிற்றோ! ஆனால் இந்த மரத்தின் வெட்டுமுகத்தைத் துடைத்துப் பார்த்தபோது வளையங்கள் நெருக்கமாக, எண்ண முடியாதபடி இருந்தன. நிதானமாக வளர்ந்த மரம் என்பது மட்டும் நிச்சயம். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். வட்டித்தொழிலுக்கு ரங்கூன் போன செட்டியார்கள் கப்பலில் மரம் கொண்டுவந்து வீடு கட்டியது ஊரறிந்த கதை. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு அந்த வரத்து நின்றது.

பர்மாவில் அந்தக் காலத்தில் தேக்கை உடனே வெட்ட மாட்டார்கள். அடியில் சுற்றிலும் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. காய்ந்த பிறகுதான் வெட்டி, யானையை விட்டு இழுத்து, ஐராவதியில் மிதக்க விட முடியும். மரத்தைக் காயவைக்கிற வேலை காட்டிலேயே தொடங்கிவிடும்.

கால்களுக்கு ரயில் ஸ்லீப்பர் கட்டை தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அதில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் கையிலும் மூச்சிலும் படக்கூடாத சரக்கு. உடைந்த வேங்கை வாசக்கால் ஒன்றை அதற்குப் பதில் போட்டுக் கொடுத்தார்.

ஜூன் 16, ஞாயிறு

ஆணி வேட்டை. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் நகர்த்தினால், ஆணி புதைந்த இடத்தில் காந்தம் சாய்கிறது. மரத்தின் முகத்தில் ஒன்றுமே தெரியாத இடத்திலும் சாய்ந்தது. தோண்டினால் தலை ஒடிந்த பட்டை ஆணி. இழைப்புளி அலகு அதில் பட்டிருந்தால் அவ்வளவுதான்.

ஜூன் 23, ஞாயிறு

எதிர்வீட்டு ஆசாரி ஐயா வந்தார். கண் சரியில்லை என்று தொழிலை விட்டவர், ஆனாலும் விரலால் தடவியே கோணலைச் சொல்லிவிடுவார். நல்ல பலகையின் மேல்முகம் முழுக்க ரம்பம் பட்ட வெட்டுகள், காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள், ஒரு இதயமும் அம்பும். அதைச் சமப்படுத்த மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனமாவது போய்விடும்.

"தம்பி, எதுக்கு இழைக்கிறீங்க? திருப்பிப் போடுங்க" என்றார். வெட்டுமுகத்தில் வளையம் வளையும் திசையைப் பார்த்துவிட்டு, "வைரப் பக்கம் மேல வருது. இன்னும் நல்லது." அடிமுகத்தில் ஒரு நூல் இழைத்தால் போதும். பெயர்களெல்லாம் கீழே போகின்றன, யாருடைய வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

கால்களின் உளுத்த பகுதியில் இரண்டங்குலத்தை அறுத்தெறிந்தேன். வாசக்கால் துண்டில் இரண்டு அடிக்கட்டைகள். காலின் நுனியைக் கழுந்தாக்கி, அதாவது துளைக்குள் நுழையும் நாக்காகச் சீவி, கட்டையில் துளை போட்டு இறக்கியாயிற்று. இப்போது உயரம் 31 அங்குலம். கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை மேஜைமேல் படுகிறது, இழைப்புக்கு அதுதான் சரியான உயரம்.

பசை வைக்கவில்லை, மூங்கில் ஆணிதான். ஆணித் துளையைக் கட்டையில் ஓரிடத்திலும், கழுந்தில் அதைவிட அரை நூல் மேலே, கழுந்து தொடங்கும் தோள்பக்கம் தள்ளியும் போட வேண்டும். ஆணி அடிக்க அடிக்க, அந்த அரை நூல் வித்தியாசம் கழுந்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கட்டையும் காலும் சேரும் இடத்தில் இனி காகிதம்கூட நுழையாது. இதற்கு எத்தனை கிளாம்ப் போட்டாலும் ஈடாகாது.

ஜூலை 6, சனி

தேக்குச் சட்டங்கள் அலகைத் தின்கின்றன. அந்த மரத்தில் சிலிக்கா இருக்கிறது, பத்து இழைப்புக்கு ஒருமுறை சாணைக்கல்லுக்குப் போக வேண்டியிருக்கிறது. எண்ணெய்ப் பசையும் உண்டு. அதனால் ஒட்டும் முகங்களைத் தின்னரில் துடைத்து, உலர்ந்த உடனே பெவிகால் வைத்து இறுக்கினேன். இரண்டு சட்டங்களும் சேர்ந்து செல்லரித்த பலகையின் இடத்தை அடைத்துவிட்டன. பழைய பலகையைவிட இவை கனம் அதிகம். மேலே ஒரே மட்டமாக வர, அடியில் குறுக்குச் சட்டம் தொடும் இடங்களில் மட்டும் காடி எடுத்தேன். மற்ற இடத்தில் கனம் அப்படியே இருக்கட்டும், உளியால் அடிக்கும்போது மேஜை அதிராது.

ஜூலை 14, ஞாயிறு

வைஸ் சுழல்கிறது. சதுர மரையில் துரு ஏறியிருந்தாலும் தேய்மானம் இல்லை. தாடைகளுக்கு மிச்சமிருந்த வேங்கையில் பட்டை போட்டேன்.

மேலே வார்னிஷ் கிடையாது. வழுக்குகிற மேஜையில் மரம் நிற்காது. காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் ஒரு கை பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட்டேன். துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டிருக்கிறேன். என்ன நாற்றம் என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

நண்பர் மறுபடி வந்து, தேக்கு பளபளக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். ஆசாரி ஐயா அதற்குள் பேத்தியின் உடைந்த நாற்காலிக் காலை வைஸில் மாட்டிவிட்டார்.

சட்டத்தில் அறுத்தது போக ஒரு அடித் துண்டு மிச்சம். அதில் உளியை அடிக்கும் கொட்டாப்புளி செய்யலாமா என்று கேட்டதற்கு, "தேக்கு லேசு, அடி தாங்காது. புளியங்கட்டை பாருங்க" என்றார். விறகுக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.