கைக்குத் தட்டுப்படும் மண்ணீரல்

சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து விறைக்கும் பரம்பரை ரத்த நோய்) உள்ள குழந்தையின் மண்ணீரலைத் தேடும்போது, விரலை நேராக இடது விலாவின் கீழ் வைத்துத் தொடங்கினால் ஏமாந்துவிடுவோம். தொப்புள் வரை இறங்கிய மண்ணீரலின் மேலேயே கை இருக்கும். ஓரம் தட்டுப்படாததால் வீக்கம் இல்லை என்று எழுதிவிடுவோம். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, வலது அடிவயிற்றில் தொடங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி நகர வேண்டும். விலாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்பதைத் தேதியோடு அட்டையில் குறிக்க வேண்டும். அந்த எண் இல்லையென்றால் அடுத்த முறை எதோடு ஒப்பிடுவது?

மண்ணீரலுக்குள் ரத்தம் ஊர்ந்துதான் செல்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு, அமிலத்தன்மை கூடுதல். சிவப்பணு வெளியேறும் இடுக்கின் அகலம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஏழெட்டு மைக்ரான் விட்டமுள்ள நல்ல அணு நெளிந்து புகுந்துவிடும். இந்த நோயில் இருக்கும் மாறுபட்ட ஹீமோகுளோபினான ஹீமோகுளோபின் எஸ், ஆக்சிஜனை இழந்து இழைகளாகத் திரண்டால் அணு விறைத்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். பின்னால் வருபவையும் தேங்கும். ரத்தம் எட்டாத திசு செத்துத் தழும்பாகும். ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகள் பலருக்கு 5 வயதுக்குள் மண்ணீரல் சுருங்கிவிடுவது இப்படித்தான்.

நீலகிரியில் கதை கொஞ்சம் வேறு. இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் கண்டறியப்பட்டதே, 1952இல், இந்த மலைப் பழங்குடி மக்களிடம்தான். இந்தியப் பழங்குடியினரிடம் பரவலாக உள்ள அரபு-இந்திய மரபு வகையில் கரு ஹீமோகுளோபின் (தாயின் வயிற்றில் இருக்கும்போது உருவாகும் வகை; இழை திரள்வதைத் தடுக்கும்) அதிகம். அதனால் சுருக்கம் தள்ளிப்போகிறது. பத்து வயதைத் தாண்டியும் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படலாம். உறுப்பு இருக்கிறது, ஆகவே வேலை செய்கிறது என்று நினைப்பதுதான் நாங்கள் அதிகம் அஞ்சும் தவறு. ரத்தப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தில்) சிவப்பணுவுக்குள் ஹோவெல்-ஜாலி துகள்கள் தெரிந்தால், அந்த அணுக்கருத் துணுக்குகளைப் பொறுக்கி எடுக்கும் வேலையை மண்ணீரல் சரிவரச் செய்யவில்லை என்று பொருள். நியூமோகாக்கஸ் போன்ற உறையுள்ள கிருமிகளை வடிகட்டும் வேலையையும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே தடுப்பூசிகளோடு பெனிசிலினும் வேண்டும்: 3 வயது வரை 125 மில்லிகிராம், பிறகு 5 வயது வரை 250 மில்லிகிராம், தினமும் இரண்டு வேளை. குழந்தை நன்றாக விளையாடும் மாதங்களில்தான் இது நின்றுபோகிறது. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ரத்த மாதிரி எடுத்த கையோடு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து, ரத்தம் திடீரென மண்ணீரலில் தேங்குவது. சில மணி நேரத்தில் குழந்தை வெளுத்து, சோர்ந்து, வயிறு உப்பும். ஹீமோகுளோபின் வழக்கமான அளவைவிட டெசிலிட்டருக்கு 2 கிராமாவது இறங்கும், தட்டணுக்களும் குறையும். இளம் சிவப்பணுக்கள் கூடியே இருக்கும். அவையும் குறைந்திருந்தால், சிவப்பணு உற்பத்தியையே நிறுத்திவிடும் பார்வோ வைரஸை நினைக்க வேண்டும். ரத்தம் ஏற்றும்போது பதற்றத்தில் அளவு கூடிவிடுகிறது. கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி ஏற்றிவிட்டு மறுபடி பரிசோதிப்பதே சரி. தேங்கிய ரத்தம் தானாகத் திரும்பி வரும்; முன்பே நிறைய ஏற்றியிருந்தால் ரத்தம் கெட்டியாகிப் பக்கவாதம் வரை போகலாம். ஒருமுறை இப்படித் தேங்கியவர்களுக்குத் திரும்பத் தேங்குவதும் சாதாரணம்.

இதை முதலில் கண்டுபிடிக்க வேண்டிய கை அம்மாவுடையது. ஜமைக்காவில் தாய்மாருக்கு மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகு இந்தத் தேக்கத்தால் வரும் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. தடவிக் காட்டினால் மட்டும் போதாது; நம் முன்னிலையில் அவரையே தடவச் சொல்லி, ஓரத்தை அவர் விரல் கண்டுகொள்ளும்வரை விடக் கூடாது. வழக்கமான ஹீமோகுளோபின், மண்ணீரல் அளவு, கடைசியாகப் பெனிசிலின் வாங்கிய தேதி மூன்றும் அந்த அட்டையிலேயே இருக்கட்டும். மலையிறங்கி நள்ளிரவில் போய்ச் சேரும் ஆஸ்பத்திரியில் குழந்தையை முன்பின் பார்த்திராத டாக்டர்தான் பணியில் இருப்பார்.