குன்னூர் ஈரத்தில் கரோக்கிக் குறுந்தகடுகள்: செய்து பார்த்த அனுபவம்

குன்னூரில் எங்கள் வீட்டுக் கரோக்கிப் பெட்டியைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலிருந்து மார்கழிப் பனி வரை தொடர்ந்து பயன்படுத்தி வந்ததில், குறுந்தகடுகளுக்குக் கீறலைக் காட்டிலும் ஈரமே பெரிய பகை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, நெடுநாள் சேமிப்புக்கு 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை என்கிறது. வெப்பத்தைப் பொறுத்தவரை மலையில் வாழ்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் துவைத்த துணி நாள்கணக்கில் காயாமல் கிடக்கும், பீரோவுக்குள் இருக்கும் தோல் பெல்ட்டிலும் பூசணம் பூக்கும் ஊரில், ஈரப்பதம்தான் இடிக்கிறது.

என்னிடம் இருப்பவை இரண்டு வகை. தமிழ்ப் பாடல்கள் விசிடியாகவும், பழைய ஆங்கிலப் பாடல்கள் சிடி-ஜி என்ற வகையாகவும் உள்ளன. என் விசிடிகளில் ஒரு தடத்தில் இசை மட்டும், மற்றொன்றில் குரலோடு சேர்ந்த இசை என்று பதிவாகியிருப்பதால், இடம் வலம் மாற்றும் பொத்தானை அழுத்தினாலே பாடகரின் குரல் விலகிவிடும். சிடி-ஜியின் அமைப்பு வேறு. இசைத் தகட்டில் ஒலிக்குப் பயன்படாமல் விடப்பட்ட துணைத்தரவுப் பகுதியில் பாடல் வரிகள் படமாக எழுதப்பட்டிருக்கின்றன. திரை 6 புள்ளி அகலமும் 12 புள்ளி உயரமும் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, நொடிக்கு 300 கட்டளைகள் வரை அனுப்பி நிரப்பப்படுகிறது. ஒலிக்கு இருக்கும் அளவு வலுவான பிழைதிருத்த ஏற்பாடு இந்தப் படத்தரவுக்கு இல்லை. ஆகவே தகட்டில் கோளாறு தொடங்கும்போது பாட்டு பிசகாமல் ஓடிக்கொண்டிருக்க, திரையில் மட்டும் ஏதோ ஒரு சொல்லின் நடுவே பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு சிறு கட்டம் அப்பிக்கொண்டு, திரை அடுத்த முறை துடைக்கப்படும் வரை அங்கேயே நிற்கும். அதைக் கண்டதும் அந்தத் தகட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். ஒலி தடுமாறும் வரை காத்திருப்பதில்லை.

அப்படி எடுத்து வைத்தவற்றில் பலவற்றுக்குக் கீறலே கிடையாது. குளிர்ந்த படுக்கையறையிலிருந்து, ஹீட்டர் எரியும், உறவினர்கள் நெருக்கமாக அமர்ந்திருக்கும் கூடத்துக்குத் தகட்டைக் கொண்டுவந்தால், அதன் பளபளப்பான பக்கம் மூச்சு பட்ட கண்ணாடிபோல் மங்கிவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் லென்ஸுக்கும் இதே கதிதான். இப்போது பாடத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தகடுகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறேன். பெட்டியையும் தகடு போடாமல் அரை மணி நேரம் மின்சாரத்தில் வைத்து, உள்ளே படிந்த ஈரம் ஆவியாக விடுகிறேன். தொடக்கப் பாட்டிலேயே நின்று போகும் தொல்லை இதனால் பெருமளவு தீர்ந்தது.

படிந்துபோன கறைக்கு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால் மெல்லத் தடவி அலசி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி எடுப்பது போதுமானதாக இருக்கிறது. துடைக்கும்போது நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தரவு சுருள்தடமாகச் செல்வதால், குறுக்கே விழும் கீறல் தடத்தில் ஒரு துளியைத்தான் தொடும். தடத்தோடு ஓடும் கீறலோ தொடர்ச்சியாக அழித்துவிடும். இசைத் தகட்டின் பிழைதிருத்தம் தடத்தின் நீளத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரையிலான இழப்பைத்தான் முழுமையாகச் சரிசெய்ய வல்லது. பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில்தான் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஒளியைத் திருப்பியனுப்பும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சின் கீழேயே இருப்பதால், அங்கே பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதும் ஒட்டுச்சீட்டு ஒட்டுவதும் ஆகாது.

சேமிப்புக்கு, இறுக மூடும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை வாங்கினேன். காகித உறைகள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அவற்றை நீக்கிவிட்டு, தகடுகளைக் கெட்டிப் பெட்டிகளில் நிற்கவைத்து, அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டிருக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். அவற்றைச் சூடேற்றி உலர்த்தலாம். ஆனால் நீல நிறம் தருவது கோபால்ட் சேர்மம் என்பதால் சமையல் பாத்திரத்தைத் தொடாமல், இதற்கென்றே ஒரு பழைய தகரத் தட்டை ஒதுக்கியிருக்கிறேன்.

பாடும்போது அதிகம் பயன்படுவது சுருதி மாற்றும் பொத்தான்தான். ஒரு முறை அழுத்தினால் அரைச்சுரம் இறங்குகிறது. ஐந்து கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு) உள்ள பாட்டை அண்ணிக்காக நான்கு கட்டைக்கு இறக்க இரண்டு அழுத்தம் வேண்டும். நான்கிலிருந்து மூன்றுக்கு இடைவெளி அரைச்சுரமே என்பதால் ஒன்றே போதும். மிகவும் இறக்கினால் வாத்தியங்களின் நாதம் செயற்கையாகிவிடுகிறது.

அடுத்து, கறை படியாத சிடி-ஜிகளைக் கணினியில் பிரதி எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். சாதாரண முறையில் பிரதி எடுத்தால் பாட்டு வரும், வரிகள் வரா. துணைத்தரவையும் படிக்கும் டிரைவும் அதற்கேற்ற மென்பொருளும் தேவை. கிடைக்கும் ஒலிக் கோப்புக்கும் படக் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்தால்தான் கரோக்கி மென்பொருள் இரண்டையும் சேர்த்து இயக்குகிறது.