இம்ப்ளான்ட்டுக்குப் பதில் சொந்தக் கொழுப்பு: போகும் முன் போட வேண்டிய கணக்கு

மார்பகம் சற்று எடுப்பாக வேண்டும், ஆனால் உடம்புக்குள் இம்ப்ளான்ட் எனும் சிலிக்கோன் பையை வைக்க மனமில்லை என்பவர்களுக்கு இருக்கும் வழி கொழுப்பு மாற்று சிகிச்சை. அடிவயிறு, இடுப்பு, தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து மார்பில் ஏற்றுவது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் அளவைப் பேசிவிட வேண்டும்.

ஒரு முறைக்கு, ஒரு பக்கத்துக்கு 200 முதல் 300 மி.லி. வரை ஏற்றுவது வழக்கம். அதில் பாதியிலிருந்து 70 சதவீதம் வரை நிலைக்கலாம். மீதியை உடம்பே கரைத்துவிடும். 250 மி.லி. ஏற்றினால் 150 நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரா அளவில் அது அரை கப், நன்றாகப் பிடித்தால் ஒரு கப். ஒரே தடவையில் இரண்டு கப் ஏற்றித் தருவதாகச் சொல்லும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

காரணம் இதுதான். இடம் மாற்றிய கொழுப்புக்கு முதல் சில நாட்கள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. பக்கத்துத் திசுவிலிருந்து கசியும் பிராணவாயுவில்தான் பிழைக்க வேண்டும். அது ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்கு மேல் எட்டாது. மெல்லிய இழையாக வைத்தால் பிழைக்கும். உருண்டையாகக் கொட்டினால் ஓரம் மட்டும் உயிரோடிருக்க, நடுப்பகுதி செத்து எண்ணெய்க் கட்டியாகும், பிறகு சுண்ணாம்பு படியும். அளவுக்கு மீறித் திணித்தாலோ, உள்ளழுத்தம் கூடி இருக்கிற ரத்த ஓட்டமும் நெரிபடும்.

அடுத்த கேள்வி, எடுக்கக் கொழுப்பு இருக்கிறதா என்பது. உறிஞ்சியதில் ஏறக்குறைய பாதிதான் சுத்தமான கொழுப்பாகத் தேறும். இரண்டு பக்கமும் சேர்த்து 500 மி.லி. ஏற்ற ஒரு லிட்டர் அளவுக்கு உறிஞ்ச வேண்டியிருக்கும். ஒல்லியானவர்களுக்கு இங்கேயே கதவு அடைபடும். இதற்காகவே தின்று எடை ஏற்றிக்கொள்வது வீண்: பிறகு இளைத்தால் மார்பில் வைத்த கொழுப்பும் சேர்ந்தே இளைக்கும். ஆறு மாதமாக எடை ஒரே நிலையில் இருப்பது நல்லது. மார்பு தொங்கியிருந்தால் கொழுப்பு அதைத் தூக்கி நிறுத்தாது. அதற்குத் தனி அறுவை சிகிச்சை. மேற்பகுதி உருண்டு தெரியும் இம்ப்ளான்ட் தோற்றமும் இதில் வராது. இரு பக்க அளவு வித்தியாசத்தைச் சரிசெய்ய, இம்ப்ளான்ட்டை எடுத்த பின் குழியை நிரப்ப, புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய பள்ளத்தைச் சமன்செய்ய இது அருமையான வழி.

முன்தயாரிப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, மார்பகப் பரிசோதனை. நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் மார்பகப் புற்று இருப்பவர்கள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும், இளையவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் போதும். சந்தேகமான கட்டி இருந்தால் அது தீரும்வரை பேச்சே இல்லை. இன்னொன்று, புகை. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், ஆகவே குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தணும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், இதயத்துக்காகச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

அன்றைக்கு நடப்பது: உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து தொடையில், வயிற்றில் ஏற்றுவார்கள். தோல் வெளுத்தால் ரத்தக் குழாய் சுருங்கிவிட்டது என்று பொருள். பிறகு மெல்லிய குழாயால் மெதுவாக உறிஞ்சுவார்கள். வேகமாக இழுத்தால் செல்கள் உடையும். சிரிஞ்சை நிமிர்த்தி வைத்தால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே உடைந்த செல்லின் எண்ணெய், நடுவில் மஞ்சள் கொழுப்பு, அடியில் இளஞ்சிவப்பு நீர். நடு அடுக்குதான் சரக்கு. சிலர் வடிகட்டுவார்கள், சிலர் சென்ட்ரிஃபியூஜ் எனும் சுழற்றிப் பிரிக்கும் கருவியில் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் மூன்று நிமிடம் சுழற்றுவார்கள். ஏற்றும்போது மழுங்கிய முனைக் குழாயை உள்ளே செலுத்தி, பின்னால் இழுத்தபடியே துளித்துளியாக விடுவார்கள். தோலடியிலும், மார்புத் தசையிலும் அதை ஒட்டியும், பல திசைகளில். பால் சுரப்பிக்குள் அல்ல.

வலி மார்பைவிட உறிஞ்சிய இடத்தில்தான் அதிகம். அங்கே இறுக்க உடை நான்கு முதல் ஆறு வாரம். மார்பில் நேரெதிர்: இறுக்கமான ப்ரா கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. இரண்டாம் வாரத்தில் பெரிதாகத் தெரிவதில் பாதி வீக்கம், அதை நம்பிப் புது உள்ளாடை வாங்காதீர்கள். உண்மையான அளவு மூன்று மாதத்துக்குப் பிறகே தெரியும். இரண்டாம் சுற்று வேண்டுமானாலும் அதன் பிறகுதான். செலவைக் கேட்கும்போதே இரண்டு சுற்றுக்குமாகக் கேளுங்கள்; அழகுக்காகச் செய்வதைக் காப்பீடு பொதுவாக ஏற்காது. செய்பவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற மேற்படிப்பு படித்தவரா என்பதையும் பாருங்கள்.

இம்ப்ளான்ட்டோடு ஒப்பிட்டால், உள்ளே உடைவதோ, சுற்றிலும் உறை இறுகிக் கல்லாவதோ, வருடங்கள் கழித்து மாற்றுவதோ இதில் இல்லை. 2019-இல் அரிதான ஒருவகை லிம்போமாவின் (நிணநீர்ப் புற்று) காரணமாக அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான பயோசெல் வகை இம்ப்ளான்ட்டுகளைத் திரும்பப் பெற்ற பிறகு பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆனால் கட்டிகள் இதற்கே உரிய தொல்லை. 1987-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் மார்பில் கொழுப்பேற்றுவதையே எதிர்த்ததற்குக் காரணம், அந்தச் சுண்ணாம்புப் படிவுகள் புற்றைக் கண்டுபிடிக்க விடாது என்ற அச்சம். 2009-இல் அந்த நிலைப்பாடு தளர்ந்தது. அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார், ஆனால் கொழுப்பேற்றிய விவரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் சமயத்தில் தேதி, ஒவ்வொரு பக்கமும் எத்தனை மி.லி., எந்த அடுக்கில் என்று எழுதி வாங்கி, பழைய மேமோகிராமோடு ஒரே கோப்பில் வையுங்கள். புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் ‘கொழுப்புதானே’ என்று விட்டுவிடாமல் அந்தக் கோப்போடு ஸ்கேனுக்குப் போங்கள்.